நகரியில் இரண்டாவது மைல்

எங்கள் சபையில் பெண்களுக்கென்று வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற ஞாயிறெல்லாம் யாருக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த ஒரு நாளில் பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த நாங்கள் நாற்பது பேரும் ஒரே மாதிரிப் புடவை கட்டிக்கொண்டு வரிசையாகக் கோவிலுக்குள் வருவோம். பாட்டு எங்களுடையது, ஜெபம் எங்களுடையது, முடிந்தபின் பிரியாணி பரிமாறுவதும் எங்களுடையது. பிரசங்கத்தை மட்டும் வெளியூரிலிருந்து வரும் ஒரு ஐயா செய்வார். இந்த வருஷம் அந்த ஐயாவுக்கு முதுகுவலி. கடைசி நேரத்தில் வேறு ஐயா யாரும் அகப்படாததால் என்னைக் கேட்டார்கள்.

நான் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துத் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள். பேச எனக்குப் பயமில்லை. ஆனால் பெரம்பூரில் எங்கள் சபையின் பிரசங்க பீடத்தில் இதுவரை ஒரு பெண்ணும் ஏறியதில்லை. நான் உளறிக் கொட்டினால் இன்னும் இருபது வருஷத்துக்கு வேறு ஒருத்தியும் ஏற மாட்டாள். "எஸ்தர் டீச்சருக்குக் குடுத்துப் பாத்தோமே" என்று சொல்லியே கதவைச் சாத்திவிடுவார்கள்.

வசனத்தைப் போதகரே தேர்ந்தெடுத்தார். இயேசு மலைமேல் உட்கார்ந்து செய்த பிரசங்கத்தில் வருவது. ஒருவன் உன்னைக் கட்டாயப்படுத்தி ஒரு மைல் நடக்க வைத்தால், நீ அவனோடு இரண்டு மைல் போ என்கிறார். கூடவே போதகர் தன் விளக்கத்தையும் அரைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். பெண்கள் குடும்பத்தில் முணுமுணுக்காமல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்தத் தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த என் மேஜையின் காலுக்கு அடியில் வைத்தேன். வசனத்துக்கு அர்த்தம் அது இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எது என்றுதான் தெரியவில்லை.

ஆகவே இரண்டு வேலைகளோடு ஆந்திராவுக்குப் புறப்பட்டேன். நகரியில் நெய்யக் கொடுத்திருந்த நாற்பது புடவைகளைக் கையோடு வாங்கி வர வேண்டும். போன வருஷம் பார்சலில் வரவழைத்தோம். ரோஜா நிறம் கேட்டோம், செங்கல் நிறம் வந்தது. இரண்டாவது வேலை, திருப்பதியில் இருக்கும் என் பெரியப்பா மகன் தேவசகாயத்திடம் இந்த வசனத்தைப் பற்றிக் கேட்பது. அண்ணன் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். கிரேக்கம் தெரியும் என்று சொல்லிக்கொள்வார். சரிபார்க்க எங்கள் குடும்பத்தில் ஆளில்லை.

திருப்பதி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் ஒருவர் "கொண்டக்கா அம்மா?" என்றார். மலைக்கா என்று கேட்கிறார். இல்லை என்றேன். கடற்கரைக்கு வந்துவிட்டுக் கடலைப் பார்க்காமல் திரும்புகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்று தெலுங்கில் கேட்டார். ஒரு வசனத்துக்கு அர்த்தம் கேட்க வந்தேன் என்று சொன்னால் இன்னும் குழம்பிவிடுவார் என்று முகவரியை மட்டும் சொன்னேன். போகிற வழியில் இட்லி சாப்பிட்டேன். கேட்காமலே மேலே காரப்பொடியைக் கொட்டி நெய்யை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் விள்ளலிலேயே காது இரண்டும் அடைத்துக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த நாலு வயதுப் பெண் குழந்தை அதே பொடியைத் தனியாகத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் சோபாவில் சாய்ந்துகொண்டு விளக்கினார். அந்தக் காலத்தில் ரோமச் சிப்பாய்கள் தெருவில் போகிற யாரையும் பிடித்துத் தங்கள் மூட்டையை ஒரு மைல் சுமக்கச் சொல்லலாமாம். அது சட்டமாம். அதற்கு மேல் சுமக்க வைத்தால் சிப்பாய்க்குத்தான் வம்பாம். "ஆக, ரெண்டாவது மைல் போறதுங்கறது ஒரு அகிம்சைப் போராட்டம்" என்றார். நல்ல விளக்கம்தான். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் "ரூபி, தண்ணி" என்றார், "ரூபி, அந்தக் கண்ணாடி" என்றார், "ரூபி, ஃபேனைக் கொஞ்சம் கூட்டு" என்றார். ஃபேன் சுவிட்ச் அவருடைய தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. சமையலறையில் கேழ்வரகுச் சங்கடி கிண்டிக்கொண்டிருந்த ரூபி அண்ணி ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனார். அன்று அவர் எத்தனை மைல் நடந்தார் என்று கிரேக்கத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.

கிளம்பும்போது அண்ணன், சித்தூரில் ஜான்சன் என்று ஒரு சகோதரர் இருக்கிறார், இதே வசனத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவர், அவரையும் பார் என்றார். மறுநாள் செவ்வாய்க்கிழமை சித்தூருக்குப் போனேன். பஸ் பாதியில் பஞ்சர். டிரைவரும் கண்டக்டரும் இறங்கி, டயரைச் சுற்றி வந்து, அதைப் பற்றி மனவருத்தத்தோடு பேசிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நம் ஊரிலும் பஞ்சர் ஆகும். ஆனால் நம் ஊரில் யாராவது ஒருத்தராவது கத்துவார்கள். இங்கே பஸ் முழுக்க இறங்கி மரத்தடியில் நின்று, அவரவர் மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது.

ஜான்சன் மாம்பழக் கூழ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் மேனேஜர். அவருடைய அறைச் சுவரில் என் வசனம் பெரிய எழுத்தில், சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "இது வாழ்க்கையில முன்னேற சீக்ரெட் சிஸ்டர்" என்றார். மாங்காய் சீசனில் வேலை எட்டு மணி நேரத்தில் முடியாது; பழம் காத்திருக்காது. அப்போது தோல் சீவுகிற பெண்களைக் கூப்பிட்டு வைத்து இந்த வசனத்தைச் சொல்வாராம். "ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. ரெண்டாவது ஷிஃப்டும் இருந்துட்டுத்தான் போவாங்க." நீங்கள் இரண்டாவது ஷிஃப்ட் இருப்பீர்களா என்று கேட்டேன். தனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார். ஒரு டின் மாம்பழக் கூழைக் கையில் கொடுத்து, ஜெபம் செய்து அனுப்பிவைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வந்த கோபத்தில் அந்த டின்னை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன். மறந்துபோய் இல்லை.

புதன்கிழமை காலை நகரி. புரட்டாசி மாதம். திருப்பதிக்கு நடந்தே போகிறவர்கள் மஞ்சள் புடவையும் மஞ்சள் வேட்டியுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு "கோவிந்தா, கோவிந்தா" என்று போனார்கள். எந்த வீட்டைத் தாண்டினாலும் உள்ளே விசைத்தறி ஓடுகிற சத்தம். இந்த ஊரில் யாரும் மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை நான். புடவைக்காரர் முனிரத்தினம், நல்லதையும் கெட்டதையும் ஒரே குரலில் கத்துகிறவர், பல வீட்டுத் தறிகளில் நெய்யக் கொடுத்து வாங்குகிறவர். நாற்பதையும் பிரித்துக் காட்டினார். கத்திரிப்பூ நிறம், வெள்ளிக் கரை. மூன்று கமிட்டிக் கூட்டம் நடத்தி முடிவு செய்த நிறம். அப்படியே வந்திருந்தது. குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று பார்த்தேன், அகப்படவில்லை.

"ஆட்டோ உள்ள வராது மேடம், நடக்கற ஜனம் அவ்ளோ கீது" என்றார் முனிரத்தினம். "மூட்டையத் தெருமுனையில வெச்சிக்கினு நில்லுங்க. ஆள் அனுப்பறேன். பைபாஸ் வரிக்கும் தூக்கினு வந்து பஸ் ஏத்தி வுட்டுடும்."

தெருமுனை டீக்கடை அருகே மூட்டையோடு நின்றேன். வெயில். கால் மணி நேரம் ஆயிற்று. அப்போதுதான் பக்கத்தில் ஒரு பெண் சும்மா நிற்பதைக் கவனித்தேன். மஞ்சள் புடவை, செருப்பில்லாத கால், கையில் ஒன்றும் இல்லை. ஆள் வந்து இவ்வளவு நேரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம் நிப்பே? வா, இதைத் தூக்கு."

"அம்மா, நானு..."

"பேசறதெல்லாம் நடந்துக்கிட்டே பேசலாம். நேரமாகுது."

அவள் குனியவில்லை. கையையும் நீட்டவில்லை. சுமை தூக்க வந்தவள் சுமைக்குக் கை கொடுக்கவில்லை என்பதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். டீக்கடைக்காரரும் நானுமாக மூட்டையைத் தூக்கி அவள் தலையில் வைத்தோம். அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள்.

நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். நடந்து வருகிற ஜனத்துக்கு எதிர்த் திசையில் போக வேண்டியிருந்தது. அவள் மூட்டையைப் பிடிக்காமலே, இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தாள். என்ன சர்க்கஸ் இது என்று நினைத்தேன். "ஜாக்கிரதையாப் போ. நாற்பது புடவை. கத்திரிப்பூ நிறம், வெள்ளிக் கரை, கீழே போட்டுடாதே" என்றேன். அவள் ஏதோ திரும்பிச் சொல்ல வந்தாள். "முன்னாடி பார்த்து நட" என்றேன். முப்பத்தொரு வருஷப் பழக்கம், யாராவது வாய் திறந்தால் எனக்கு இந்த வாக்கியம்தான் முதலில் வரும்.

பைபாஸில் அரை மணி நேரம் நின்றோம். இரண்டு பஸ் வந்தது, இரண்டும் நிற்காமல் போயிற்று. நான் ஒரு கல்லில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். பிரசங்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? "இன்று ஆந்திரப் பேருந்துகள் என்னைக் கட்டாயப்படுத்தி ஒரு மைல் நடக்க வைத்தன" என்று எழுதினேன். அவள் மூட்டையோடு வெயிலில் நின்றபடியே இருந்தாள். இறக்கி வை என்று கூட ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா என்று எரிச்சலாக இருந்தது. என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "வாயில ஊத்துங்கம்மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னிடம் படித்தவர்களில் கலெக்டர் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார். ஒருத்தரும் என்னை வாயில் ஊற்றச் சொன்னதில்லை. ஆனாலும் ஊற்றினேன். மடக்மடக்கென்று பாதி பாட்டிலைக் குடித்தாள்.

அந்த வழியாகப் போன ஒருவர், கூட்டத்துக்காகப் பஸ்களை இங்கே நிறுத்துவதில்லை, இன்னும் ஒரு மைல் பின்னால் ரயில்வே கேட் அருகில்தான் ஏற முடியும் என்றார். நான் அவளைப் பார்த்து, "சரி, நட" என்றேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் நடந்தாள். எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. இரண்டாவது மைலும் கிடைத்துவிட்டதே! நடந்துகொண்டே பிரசங்கத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பஸ் வந்ததும் கண்டக்டர் மூட்டையை அவள் தலையிலிருந்து இழுத்து உள்ளே போட்டார். நான் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் வந்த வழியே திரும்பி நடந்துகொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. கூலியை முனிரத்தினம் பார்த்துக்கொள்வார் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் போன் செய்தார். போனிலும் கத்தினார். "இன்னா மேடம் இது! என் தம்பி மூட்டைய தூக்கறதுக்குத் தெருமுனையில உங்களத் தேடிக்கினு இருந்தான், நீங்க எங்க போய்ட்டீங்க?"

"உங்க ஆள்தான் வந்து தூக்கிட்டு வந்ததே? அந்த மஞ்சப் புடவை."

தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"டீக்கடைக்காரரு சொன்னத நா நம்பல" என்றார். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "அது எங்க ஆளு இல்ல மேடம். அது கஸ்தூரி. பக்கத்துத் தெரு. மலைக்கு நடந்து போய்க்கினு கீற பொம்பள."

பிறகு அவர் சொன்னதை நான் நின்றுகொண்டே கேட்டேன். கஸ்தூரியின் புருஷன் கை போன வருஷம் தறியின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்ன கை, எப்படியோ பிழைத்துக்கொண்டது. அந்தக் கைக்காக அவள் வேண்டிக்கொண்டாள்: மலையடி போய்ச் சேரும் வரைக்கும் தன் கையால் எதையும் பிடிக்க மாட்டேன், வெறுங்கையாகவே நடந்து வருகிறேன் என்று. தண்ணீரையும் சோற்றையும் அவளுடைய நாத்தனார் செல்விதான் வாயில் கொடுக்க வேண்டும். செல்வி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வருவதற்குள், தெருமுனையில் காத்திருந்தவளை நான் ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வந்த செல்வி, அண்ணி முன்னால் போயிருப்பாள் என்று நினைத்து அவளும் வேகமாக நடந்து போய்விட்டாள்.

"போன்?"

"கையால புடிக்கக் கூடாதே மேடம். அதுவும் செல்விகிட்டதான் கீது. போட்டா எடுக்க மாட்டேங்குது."

"அப்போ இப்ப அவளுக்கு யார் சாப்பாடு குடுப்பாங்க?"

"அதான் தெரியல" என்றார் முனிரத்தினம்.

சோபாவிலிருந்து தேவசகாயம் அண்ணன் "என்ன விஷயம்?" என்றார். ஒரு ரோமச் சிப்பாயைப் பற்றி என்றேன். அவர் கிரேக்க வார்த்தை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். "அண்ணே, சும்மா இருங்க" என்றேன். இந்த ஐம்பது வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. ரூபி அண்ணி சமையலறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

வியாழன் காலை நாராயணவனத்துக்குப் பஸ் ஏறினேன். நடந்து வருகிறவர்கள் அங்கே கல்யாண வெங்கடேசரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள், மதியத்துக்குள் அங்கே பார்க்கலாம் என்று முனிரத்தினம் சொல்லியிருந்தார். கோயிலைச் சுற்றிப் பந்தல் போட்டுச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கில் மஞ்சள் புடவை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண்ணின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மைல் கூடவே போனேன், வாயில் தண்ணீர் ஊற்றினேன், முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய குதிகால் வெடிப்பும் மூட்டையின் முடிச்சும்தான் ஞாபகத்தில் இருந்தன. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த அறுபது பிள்ளைகளின் முகத்தையும் இரண்டே நாளில் மனப்பாடம் செய்கிறவள் என்று பெயர் வாங்கியவள் நான். வெட்கமாக இருந்தது.

"கஸ்தூரி" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்று பேர் திரும்பினார்கள். ஒருத்தி கையில் சோற்றுத் தட்டு, ஒருத்தி கையில் குழந்தை, ஒருத்தி கையில் செல்போன். அதன் பிறகு நான் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். கோயில் மதிலோரம் ஒருத்தி, இரண்டு உள்ளங்கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளே பேசினாள். "இன்னாம்மா, இன்னொரு மூட்ட கீதா?"

சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் ஒருத்தரு ரெண்டு வாழைப்பழம் வாயில வெச்சாரு. காலைல ஒரு அம்மா டீ ஊத்துச்சு. சுட்டுடுச்சு." நாக்கை நீட்டிக் காட்டினாள். "எல்லார்கிட்டயும் போய் வாயத் தொறந்து நிக்க முடியுமா?"

பந்தல் வரிசையில் போய் நின்றேன். கரண்டிக்கு ஒரு தடவை "கோவிந்தா" என்று சொல்லிப் போடுகிறார்கள், வாங்குகிறவர்களும் திருப்பிச் சொல்கிறார்கள். என் முறை வந்தபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இன்னும் ஒரு கரண்டி" என்றேன். பரிமாறியவர் சிரித்துக்கொண்டே போட்டார்.

புளியோதரையை உருட்டி அவள் வாயில் கொடுத்தேன். என் மகனுக்கு ஊட்டி முப்பது வருஷம் ஆகிறது.

"சின்னதா உருட்டுங்கம்மா" என்றாள் கஸ்தூரி. "துன்னறவங்க வாயி இவ்ளோ பெரிசாவா கீது?"

சின்னதாக உருட்டினேன். அப்புறம் கேட்டேன். "நீ ஏன் அப்பவே சொல்லலே?"

"எங்க வுட்டீங்க? வாயத் தொறந்தா நட, நடன்னீங்க. டீச்சரா நீங்க?"

"ஆமா."

"அப்பவே நெனச்சேன்."

"சரி, பைபாஸ்லயாவது இறக்கி வெச்சுட்டுப் போயிருக்கலாமே. யாரு உன்னைப் பிடிச்சு வெச்சாங்க?"

அவள் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எறக்கணும்னா கையால புடிக்கணும்மா. எனக்கு எறக்க முடியாது. யாராச்சும் எறக்கினாத்தான் உண்டு. நீங்க கல்லு மேல குந்திக்கினு ஏதோ எழுதிக்கினு இருந்தீங்க. இப்ப எறக்குவாங்க, இப்ப எறக்குவாங்கன்னு பாத்துக்கினே நின்னேன்."

அடுத்த உருண்டை என் கையிலேயே இருந்தது. அவள் வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தாள். கொடுத்தேன்.

"தலையை ஆட்டிக் கீழே தள்ளியிருக்கலாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் செய்யாததற்கு ஏதாவது ஒரு குற்றத்தை அவள் மேலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று இருந்திருக்கும்.

"மூட்டையத் தூக்கி வெச்சப்போ தள்ளிடலாம்னுதான் இருந்தேன். கோவம். அப்பறம் கத்திரிப்பூ கலரு, வெள்ளிக் கரைன்னு சொன்னீங்க இல்ல? அதுல பாதி எங்க ஊட்டுத் தறியில ஓடுனது. ஆஸ்பத்திரிலேந்து வந்து எங்க ஊட்டுக்காரு மொதமொதல்ல தறியில கை வெச்சது அதுக்குத்தான். அந்தக் கை ஓட்டினத நா மண்ணுல தள்ளுவனா?"

எனக்கு அழுகை வந்தது. நான் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. என் கணவரை அடக்கம் செய்த நாளில் பந்தல்காரரோடு சண்டை போட்டவள். அங்கே, மதில் ஓரத்தில், கையெல்லாம் புளியோதரையோடு அழுதேன். துடைத்துக்கொள்ள முடியவில்லை. கஸ்தூரி தன் முழங்கையால் என் தோளை இடித்தாள். "சோறு ஆறுதும்மா" என்றாள்.

அடுத்த பந்தல் ஒரு மைல் இருக்கும் என்றார்கள். செல்வி அங்கே இருக்கலாம். நானும் கூட வருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நடந்தோம். குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தேன். அவள் என்னைவிட உயரம், தோள் வலித்தது. அந்தப் பந்தலில் செல்வி இல்லை. அதற்கடுத்த பந்தலில், இன்னும் ஒரு மைல் தாண்டி, சாலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயே காத்திருக்கிறாளாம். கஸ்தூரி கதையைச் சொன்னதும் செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதானா அது? படிச்சவதானே? மூஞ்சப் பாத்து ஒரு வார்த்த கேக்கத் தெரியாது? எங்க ஊட்டுப் பொம்பள உனக்கு இன்னா மாடா?"

நான் ஒருமையில் திட்டு வாங்கிப் பல காலம் ஆயிற்று. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு உரியதாகவே இருந்தது. பஸ் வரும் வரை திட்டினாள். பஸ் வந்ததும் "போ, ஏறு" என்றாள். கஸ்தூரி வெறுங்கையைக் கூப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது கத்திரிப்பூப் புடவைகள் வரிசையாகக் கோவிலுக்குள் வந்தன. அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு நான் பீடத்தில் ஏறினேன். எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். ரோமச் சட்டம் இருந்தது, அகிம்சை இருந்தது, ஆந்திரப் பேருந்துகள் என்னை நடக்க வைத்த உதாரணம் இருந்தது. அதைக் கைப்பையிலேயே விட்டுவிட்டு, நகரித் தெருமுனையிலிருந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். போதகரின் முகம் பாதியிலேயே மாறிவிட்டது. ஆராதனை முடிந்து நன்றி சொன்னபோது, அடுத்த வருஷத்துக்குள் அந்த வெளியூர் ஐயாவின் முதுகு குணமாகிவிடக் கர்த்தர் கிருபை செய்வார் என்று அவர் நம்பிக்கை தெரிவித்தார். எனக்குப் பின்னால் இனி ஒருத்தி ஏறுவாளா என்று தெரியவில்லை. அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

கடைசியில் நான் சொன்னது இதுதான். "இந்த வசனத்துல ரெண்டு பேர் வர்றாங்க. சுமக்கிறவங்க என்ன செய்யணும்னு எல்லாரும் பிரசங்கம் பண்ணிட்டோம். சுமத்துறவனுக்கு யாரும் பிரசங்கம் பண்றதில்ல. வசனத்துல அவனுக்குப் பேர்கூடப் போடல. என் பேரைப் போட்டுக்கோங்க. நீங்க இன்னிக்குக் கட்டியிருக்கிற புடவை ஒருத்தி தலையில ரெண்டு மைல் வந்தது. ஒரு தடவைகூட நான் அதை இறக்கல."

கீழே என் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் குனிந்து தங்கள் முந்தானையைப் பார்த்தார்கள். சிலர் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.